ஒன்பதாம் பாட்டிலின் விருந்தாளி

பாட்டில்களுக்குச் சோறு போடுவதுதான் அமலோற்பவத்துக்கு உத்தியோகம். ஊரில் யாராவது "ஆராய்ச்சி நிலையத்துல என்ன வேலை பாக்கிய?" என்று கேட்டால் அப்படித்தான் சொல்வாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவாள்.

ஆனால் அது விளையாட்டுப் பேச்சில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் இருந்த அந்தக் கட்டடத்தின் குளிர் அறையில் நாற்பத்திரண்டு பாட்டில்கள் இருந்தன. எல்லாவற்றிலும் சேறு. சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவை தின்பதும் மெதுவாக, பெருகுவதும் மெதுவாக. ஒன்று இரண்டாவதற்கே மூன்று வாரம் ஆகும். இருபத்துமூன்று நாளைக்கு ஒருமுறை ரப்பர் மூடிக்குள் ஊசியைக் குத்திச் சத்துநீர் ஏற்ற வேண்டும். வாரம் ஒருமுறை உள்ளே சேர்ந்த வாயுவைத் திறந்துவிட வேண்டும். அடுத்த வாரம் பாட்டிலின் கழுத்திலுள்ள அழுத்தமானியின் முள் மறுபடி ஏறியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. ஏறாவிட்டால் நோட்டில் 'இல்லை' என்று எழுதி, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். பதினைந்து வருடமாக இதைச் செய்கிறாள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவள் இவ்வளவு நேரம் தவறாமல் சோறு போட்டதில்லை என்று வீட்டுக்காரர் சூசை குறைபடுவார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் உள்ளே போனபோது டாக்டர் தாட்சாயணி ஒன்பதாம் பாட்டிலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நிலையத்தின் தலைமை விஞ்ஞானி அவர். அமலோற்பவத்தைவிட நாலு வயது மூத்தவர். ஸ்வெட்டர்கூடப் போடவில்லை. குளிர் அறையில் அப்படி உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும்.

"திங்கக்கிழமை மூணு பேர் வர்றாங்க அமலி. நம்ம நோட்டை எல்லாம் பார்க்கணுமாம்."

"எதுக்கும்மா?"

"நான் பொய் சொல்றேனான்னு பார்க்க."

ஆறு வருடமாக அமலோற்பவம் உள்ளே அமுக்கி வைத்திருந்த ஒன்று அசைந்து கொடுத்தது.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பிடிக்க வேண்டும்.

டாக்டரம்மாவுக்கு ஒரே மகள், ஆதிரை. சக்கர நாற்காலியில்தான் இந்த அறைக்கு வருவாள். பேச்சு மட்டும் சக்கரம் இல்லாமலே ஓடும். அந்தப் பெண் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான், இந்தச் சேற்றுக்குள் என்ன தேடுகிறீர்கள் என்று அமலோற்பவம் முதல்முறை வாய்விட்டுக் கேட்டாள்.

"மரம், மீன், கொசு, நீ, நான், எல்லாம் ஒரே குடும்பம்" என்றார் டாக்டர். "ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஒரு குட்டி உயிருக்குள்ள இன்னொரு குட்டி உயிர் போய் உட்கார்ந்துகிச்சு. வெளியே இருந்தது வீடு கொடுத்துச்சு. உள்ளே போனது சக்தி கொடுத்துச்சு. அதுக்கு அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியிற பெரிய உயிர்களே வந்துச்சு."

"எப்படிம்மா உள்ள போச்சு?"

"அதுதான் யாருக்கும் தெரியல. இது அதைத் தின்னப் பார்த்துச்சா, அது நோய் மாதிரி இதுக்குள்ள புகுந்துச்சா, இல்ல பக்கத்துல பக்கத்துல இருந்து கொடுத்து வாங்கிப் பழகி ஒண்ணாச்சா... ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஆனா இத்தனை கோடி வருஷத்துல அது ஒரே ஒரு தடவைதான் நடந்த மாதிரி தெரியுது. அது ஏன்? குருட்டாம்போக்குல நடந்துச்சா? இல்ல நடந்தே தீர வேண்டிய விஷயமா?"

"அம்மாவுக்கு இது ஆராய்ச்சி இல்ல அத்தை, கேஸ்" என்றாள் ஆதிரை. "உள்ளே போனான்ல ஒரு விருந்தாளி, அவன் என் உடம்புல சரியா வேலை செய்யல. சக்தி தர மாட்டேங்கிறான். அதான் அம்மா அவன்மேல வழக்குப் போட்டிருக்கா. முதல் வாய்தாவே இன்னும் வரல."

அவளுடைய நோய் அதுதான். விருந்தாளி தாய் வழியாக மட்டும்தான் பிள்ளைக்கு வருவான் என்பதை டாக்டரம்மா சொல்லி அமலோற்பவம் கேட்டதில்லை. ஆதிரையின் துக்கத்துக்கு வந்திருந்த அத்தைக்காரி ஒருத்தி, "குடுத்ததே நீதானே தாட்சா" என்று பிணத்தின் தலைமாட்டில் நின்று சொன்னபோதுதான் தெரிந்துகொண்டாள். அந்த அம்மாளை அப்படியே பிடித்து வெளியே தள்ளலாமா என்று வந்தது. தள்ளவில்லை. இன்றைக்கும் அதற்காக வருத்தப்படுகிறாள்.

கை ஓடிய காலத்தில் ஆதிரை எல்லாப் பாட்டிலுக்கும் பெயர் வைத்திருந்தாள். துருதுருவென்று முள் ஏறுகிற பதினாலாம் பாட்டிலுக்கு 'வாயாடி'. ஒன்பதாம் பாட்டில் எல்லாவற்றிலும் மெதுவானது. அதற்கு 'சோம்பேறி' என்று கோணல் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு தூங்கும் முகமும் வரைந்து ஒட்டினாள். "இது என் கட்சி" என்றாள். அதற்குப் பிறகு அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. ஐப்பசியில் போனாள். பதினேழு வயது.

கார்த்திகையில் புயல் வந்தது. ஜெனரேட்டர் அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் மின்சாரம் இல்லை. உறைபெட்டியில் இருந்த பழைய மாதிரிகள் எல்லாம் அழுகிப்போயின. குளிர் அறை புழுங்கும் அறையாக ஆனது. தண்ணீர் வடிந்து வேலை தொடங்கியபின் ஆறு பாட்டில்களில் முள் ஏறவே இல்லை. ஐந்துக்கு அமலோற்பவம் நோட்டில் 'இல்லை' என்று எழுதினாள். ஆறாவது, ஒன்பதாம் பாட்டில். அதற்கு எழுதப் பேனாவை எடுத்தவள், 'மெதுவாக' என்று எழுதி வைத்தாள்.

டாக்டரம்மா தினமும் காலையில் வந்ததும் நேரே அந்தப் பாட்டிலிடம்தான் போவார். லேபிளை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. மகளைப் பறிகொடுத்து இரண்டு மாதம்கூட ஆகாத மனுஷியிடம் போய் இதுவும் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? அமலோற்பவத்துக்கு அந்த வாய் இல்லை.

புயல் முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவள் அதைச் செய்தாள். வீட்டில் அன்று பால் தோயவில்லை. போகும்போது பக்கத்து வீட்டில் கொஞ்சம் உறைமோர் வாங்கிக்கொண்டு போக வேண்டும், விளக்கு வைத்துவிட்டால் தரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே ஒன்பதாம் பாட்டிலைத் துடைத்தவளுக்குக் கை நின்றது. ஒரு வீட்டில் உறை செத்தால் பக்கத்து வீட்டில் வாங்கி ஊற்றுகிறோம். தோய்ந்த பிறகு அது யார் வீட்டுத் தயிர்? நம் வீட்டுத் தயிர்தானே?

உறை என்றால் நல்ல உறையாக இருக்க வேண்டும். கீழ்த் தட்டில் இருந்த 'வாயாடி'யை எடுத்தாள். உப்பளச் சேற்றில் ஒரு மாணவன் தொடங்கி வைத்துவிட்டு, வெளிநாட்டில் இடம் கிடைத்ததும் அம்போவென்று விட்டுப்போன பாட்டில் அது. அதில் என்ன இருக்கிறது என்று யாரும் ஆராய்ந்து எழுதியதுகூட இல்லை. இவள்தான் வீணாக்க மனசில்லாமல் சோறு போட்டு வந்தாள். அதிலிருந்து ஒரு ஊசி உறிஞ்சி, சூரியன் அடைவதற்குள் ஒன்பதாம் பாட்டிலில் செலுத்தினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். நோட்டில் எழுதவில்லை.

தை மாதக் கடைசியில் சோம்பேறியின் முள் அசைந்தது. டாக்டரம்மா அன்று அந்த அறைக்குள்ளேயே அழுதார். அமலோற்பவமும் அழுதாள். ஒருவர் எதற்கு அழுகிறார் என்று மற்றவர் கேட்கவில்லை.

நாலு வருடம் கழித்து அந்த ஒன்பதாம் பாட்டிலில்தான் அது நடந்தது. நுண்ணோக்கியில் ஒரு உயிருக்குள் இன்னொரு உயிர். வெளியே இருப்பது இரண்டாகப் பிரியும்போது உள்ளே இருப்பதும் கூடவே பிரிந்து இரு பக்கமும் போனது. ஒன்றை ஒன்று விட்டுப் பிழைக்க முடியாத நிலை. உலகமே தூத்துக்குடியைத் திரும்பிப் பார்த்தது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று முதல் பக்கத்தில் போட்டதைச் சூசை எழுத்துக்கூட்டி வாசித்தார்: "வெளியிலிருந்து எதுவும் சேர்க்கப்படாத பாட்டிலில் இந்த இணைப்பு தானாகவே நிகழ்ந்துள்ளதால், சிக்கலான உயிர்கள் தோன்றுவது தவிர்க்க முடியாதது என்கிறார் விஞ்ஞானி." அமலோற்பவம் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். செதிலோடு விரலையும் சேர்த்துச் சீவிக்கொண்டாள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்கு அவளிடம் நூறு காரணம் இருந்தது. ஒரு ஊசியளவு சேற்றுநீரில் என்ன ஆகிவிடப் போகிறது என்பது ஒன்று. டாக்டரம்மா அத்தனை வருடத்துக்குப் பிறகு சிரித்தார் என்பது இன்னொன்று.

இப்போது வெளிநாட்டில் இரண்டு ஆய்வகங்கள் ஒன்பதாம் பாட்டிலில் இட்ட அதே கடலடிச் சேற்றையும் அதே சத்துநீரையும் வைத்து நூற்றுக்கணக்கான பாட்டில்களில் செய்து பார்த்துவிட்டன. ஒன்றிலும் வரவில்லை. தில்லுமுல்லு ஏதோ நடந்திருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். விசாரிக்கத்தான் மூன்று பேர் வருகிறார்கள்.

புதன்கிழமை காலை அமலோற்பவம் ஒரு முடிவோடு வந்தாள். வேலை போகட்டும். டாக்டரம்மாவைப் பொய்க்காரி என்று ஒருத்தர் சொல்லக் கூடாது.

"டாக்டரம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஆறு வருசத்துக்கு முந்தி." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். பால் தோயாதது, விளக்கு வைக்கும் நேரம், ஊசி, எல்லாம். "நீங்க ஒண்ணும் பொய் சொல்லல. உங்களுக்குத் தெரியாது. வாறவகட்ட நானே சொல்லுதேன், என்னய என்ன வேணும்னாலும் பண்ணட்டும்."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

"எந்தப் பாட்டில்லேருந்து?"

"பதினாலு. வாயாடி."

"எந்தத் தேதி?"

சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அதுக்குப் பத்து நாள் முன்னாடி நானும் ஊத்தினேன் அமலி. முப்பத்தொண்ணாம் பாட்டில்லேருந்து."

அமலோற்பவத்துக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா சொல்லுதிய?"

"புயல் முடிஞ்ச முதல் வாரமே எனக்குத் தெரியும், அது போயிடுச்சுன்னு. நீ நோட்டுல 'மெதுவாக'ன்னு எழுதியிருந்தே. ஆதிரையைத் தூக்கித் தூக்கி உன் இடுப்பு போச்சு. கடைசி வரைக்கும் கஞ்சி ஊட்டினவ நீ. அந்தப் பாட்டிலை நீ துடைக்கிறதைத் தினம் பார்ப்பேன். செத்துப்போச்சுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? அதான், நீ சாப்பிடப் போன நேரமாப் பார்த்து ஊத்தினேன்."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆறு வருட பாரம் தோளிலிருந்து இறங்கியது. "அப்ப நீங்களும் திருடி, நானும் திருடியா! சரியான சோடிதான் போங்க. அப்ப நாம ரெண்டு பேரும் சேந்துதான் அதை உண்டாக்கியிருக்கோம் இல்லம்மா?"

டாக்டர் சிரிக்கவில்லை. கீழ்த் தட்டுக்குக் குனிந்து பதினாலாம் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அமலோற்பவத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் தெரியவில்லை.

பதினாலின் மாதிரியைச் சோதனைக்குப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. டாக்டர் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"வெளியே இருக்கிற உயிர் முப்பத்தொண்ணாம் பாட்டிலோடது. நான் ஊத்தினது. அது எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். தெரிஞ்சுதான் 'எதுவும் சேர்க்கல'ன்னு எழுதினேன். நான் பொய்க்காரிதான் அமலி. சேர்த்தேன்னு எழுதணும்னா, பாட்டில் செத்துச்சுன்னு எழுதணும். என்னால முடியல."

"சரிம்மா. உள்ள இருக்கது?"

"அது எந்தப் பாட்டிலோடதும் இல்லைன்னு வந்துச்சு. நம்ம பதிவு எதுலயும் அது இல்ல. பதினாலைப் பத்தித்தான் பதிவே கிடையாதே, நான் நினைச்சுக்கூடப் பார்க்கல." டாக்டர் கையிலிருந்த முடிவுக் காகிதத்தை மடித்து விரித்தார். பிறகு சொன்னார். "அதனால நானே ஒரு முடிவுக்கு வந்துட்டேன். சோம்பேறி முழுசாச் சாகல. ஒண்ணு ரெண்டு அடியில பிழைச்சுக் கிடந்திருக்கு. நான் ஊத்தினது அதுக்கு வீடு கொடுத்திருக்கு. உள்ளே போய் உட்கார்ந்து, சக்தி கொடுத்து, வாழுது. ஆதிரை வச்ச பேர்ல இருந்த உயிர், அந்த விருந்தாளியாவே ஆகி, நல்லா வேலை செய்யுது... ரெண்டு வருஷம் தினம் காலையில அதைத்தான் வந்து பார்த்துட்டு இருந்தேன்."

காகிதத்தை நகர்த்தி வைத்தார். அமலோற்பவத்துக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"பதினாலுதானாம்மா?"

"பதினாலுதான்."

தான் வாயைத் திறந்திருக்கவே கூடாது என்று அமலோற்பவத்துக்குத் தோன்றியது. காப்பாற்ற என்று வந்து, அவருக்கிருந்த ஆறுதலைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டோம் என்று துடித்தது மனசு. "அப்ப சோம்பேறி?" என்று கேட்டும்விட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோசனம்?

"புயல்லயே போயிடுச்சு" என்றார் டாக்டர். "ஐப்பசியில ஒண்ணு, கார்த்திகையில ஒண்ணு. எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது, அவ்வளவுதான்."

அமலோற்பவம் எழுந்துபோய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து வருடத்தில் அவரை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை மூன்று பேர் வந்தார்கள். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. வந்தவர்களில் மூத்தவர், பெங்களூரிலிருந்து வந்த ஒரு தமிழ்க்காரர், நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"முதல்ல நிலைச்சது எது மேடம்? நீங்க ஊத்தினதா, இவங்க ஊத்தினதா? அது இதைத் தேடிப் போச்சா, இது அதை இழுத்துக்கிச்சா?"

"தெரியாது சார். பக்கத்துலயே இருந்தோம். ரெண்டு பேருக்கும் தெரியாது."

சேர்த்ததை அவரவர் கையால் நோட்டில் எழுதச் சொன்னார்கள். டாக்டர் தன் வரியை எழுதினார். அமலோற்பவம் தன் வரியை எழுதினாள். அப்புறம் அந்த மூத்தவர் ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். "இது என்னம்மா, 'மெதுவாக'ன்னு? இங்கே நிலையைத்தானே எழுதணும்?"

அமலோற்பவம் பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். டாக்டர் பேனாவை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி, 'மெதுவாக' என்பதை அடித்துவிட்டு, மேலே 'இல்லை' என்று எழுதினார். அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்தும் இட்டார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். டாக்டர் பதவியை விட்டார். ஆனால் ஒன்பதாம் பாட்டிலில் இருந்தது என்னவோ உண்மையாகவே இருந்தது. அதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதனால் புதிதாக அறுபது பாட்டில்கள் வைத்தார்கள். முதலில் முப்பத்தொன்று, பத்து நாள் கழித்துப் பதினாலு. சிலவற்றில் வரிசையை மாற்றினார்கள். சோறு போட ஆள் வேண்டுமே, அமலோற்பவத்தை வைத்துக்கொண்டார்கள்.

மூன்று வருடம் ஓடியது. ஆதிரையின் நினைவு நாளுக்கு மறுநாள் தாட்சாயணி நிலையத்துக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஒண்ணாவது?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஒரே பாட்டிலுக்குள்ளதான் இருக்குதுக, ஆனா அது அது பாட்டுக்குத் தனித்தனியா இருக்கு. ஒட்ட மாட்டேங்கு." அமலோற்பவம் தயங்கினாள். இதைச் சொல்லலாமா என்று மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்தாள். முன்பு ஒருமுறை சொல்லிப் பட்டது போதாதா? ஆனாலும் சொன்னாள். "இந்த அறுவதும் கழுவுன பாட்டிலும்மா. சுத்தமானது. நாம ஊத்துன பாட்டில்ல செத்துப்போனது கிடந்துச்சு. சோம்பேறி முச்சூடும் அதுக்குள்ளதான கரைஞ்சு கிடந்திருக்கும். அதைத் தின்னுதான் இது ரெண்டும் பிழைச்சுதோ? அதைத் தின்னதுனாலதான் ஒட்டிக்கிச்சோ?"

தாட்சாயணி ஒன்பதாம் பாட்டிலைப் பார்த்தார். லேபிளில் எழுத்து மங்கி, தூங்கும் முகத்தின் ஒரு கண் மட்டும் மிச்சம் இருந்தது.

"இருக்கலாம் அமலி. இல்லாமலும் இருக்கலாம்."

"அப்ப அதே மாதிரி ஒண்ணைச் சாக விட்டுப் பாப்பமா?"

"செத்தது என்னன்னு தெரிஞ்சாத்தானே அதே மாதிரின்னு சொல்ல முடியும்? மாதிரி எல்லாம் புயல்ல போச்சு. என்னவா இருந்துச்சு, எப்படி இருந்துச்சு, ஒண்ணுமே நம்மகிட்ட இல்ல." அவர் லேபிளை விரலால் தொட்டார், பழையபடி. "பேரு மட்டும்தான் இருக்கு."

அவர் போன பிறகு அமலோற்பவம் ஒன்பதாம் பாட்டிலுக்குச் சத்துநீர் ஏற்றினாள். ஊசியை எடுத்து வைத்துவிட்டு முள்ளைப் பார்த்தாள். ஏறியிருந்தது. நோட்டை எடுத்து, அன்றைய கட்டத்தில் 'மெதுவாக' என்று எழுதினாள்.